குறுக்கே ஓடிய குதிரை

கம்ப்யூட்டர்தான் பல மாதங்களாக நச்சரித்துக்கொண்டிருந்தது. திரையின் ஓரத்தில் ஒரு சின்னக் கட்டம் வந்து, பெரிய மாற்றங்கள் காத்திருக்கின்றன, இப்போது செய்துவிடலாமா என்று கேட்கும். பிறகு பார்க்கலாம் என்று அழுத்திவிட்டு, சின்ன வயதிலிருந்தே வீட்டில் ஆமை என்று பெயர் வாங்கியிருந்த அவன் தன் வேலையைப் பார்ப்பான். ஐம்பதைத் தாண்டியும் தனியாக இருக்கிற ஆளுக்குப் பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப்போட எவ்வளவோ இருக்கும். அந்த ஞாயிற்றுக்கிழமை, துணி துவைக்கிற இயந்திரம் சுற்றி முடியட்டும் என்று சும்மா உட்கார்ந்திருந்தபோது என்ன தோன்றியதோ, சரி என்று அழுத்திவிட்டான்.

துணிகளைக் கொடியில் போட்டுவிட்டு வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. கம்ப்யூட்டரை ஓட்டுகிற லினக்ஸ் குளித்துத் தலைவாரியதுபோலப் பளிச்சென்று நின்றது. எழுத்துகள் கொஞ்சம் மெலிந்திருந்தன. ஒவ்வொரு புரோகிராமாகத் திறந்து பார்த்தான். எல்லாம் ஓடின. கடைசியில், மனசுக்குள் எதையோ ஒத்திப்போட்டவன் மாதிரி, சதுரங்கத்தைத் திறந்தான்.

அது திறக்கவில்லை. கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி வந்து நின்றது. தேவையான லைப்ரரி கிடைக்கவில்லை.

லைப்ரரி என்பது பல புரோகிராம்கள் பொதுவாகச் சாய்ந்து நிற்கிற சுவர் போன்றது. படம் வரைய ஒன்று, கோப்பைப் படிக்க ஒன்று. பழைய சுவரை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டும்போது மற்றவர்கள் எல்லோரும் அதற்கேற்ப நகர்ந்துகொள்வார்கள். ஆமையின் சதுரங்கம் நகராது. அதை எழுதியவன் அவன்தான். எழுதிய மூலவரிகள் இருந்த வட்டு என்றைக்கோ செத்துப்போயிற்று. எழுதி முடித்த புரோகிராமை மட்டும் ஒவ்வொரு முறை கம்ப்யூட்டர் மாற்றும்போதும் தூக்கிக்கொண்டு வந்திருந்தான்.

அக்கா காலை உடைத்துக்கொண்டு படுத்திருந்த நாளில், அவளுக்குப் பொழுதுபோகட்டும் என்று எழுதியது. அவள் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒன்று, இவன் வீட்டில் ஒன்று. காயை நகர்த்தினால் அந்த நகர்த்தல் மட்டும் அந்தப் பக்கம் போய்ச் சேரும். இந்தக் காய் இப்படித்தான் போகவேண்டும் என்ற விதிகளைக்கூட அவன் அதில் எழுதவில்லை. "நீ ஏமாத்தினா எனக்குத் தெரியாதாடா?" என்று அக்கா அப்போது சிரித்திருந்தாள். ஒரு வார்த்தை எழுதி அனுப்பவும் அதில் இடமில்லை. பேசத்தான் போன் இருக்கிறதே என்று நினைத்திருந்தான்.

பிறகு அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தார். மூச்சு இயந்திரத்தை நிறுத்திவிடலாமா என்று டாக்டர் கேட்டபோது அக்கா மட்டும்தான் பக்கத்தில் இருந்தாள். இவன் ரயிலில் இருந்தான். வந்து இறங்கி, ஆஸ்பத்திரியின் நீண்ட தாழ்வாரத்தில் அவளைப் பார்த்ததும், "நான் வர்ற வரைக்கும் பொறுத்திருக்கலாம்ல" என்றான். அவ்வளவுதான் சொன்னான். அன்றிலிருந்து பேச்சு நின்றுபோயிற்று. ஆனால் எல்லாம் அடங்கி, அவரவர் வீட்டுக்குத் திரும்பியபின் ஒருநாள், பாதியில் நின்றிருந்த ஆட்டத்தில் அவளுடைய சிப்பாய் ஒரு கட்டம் முன்னால் வந்திருந்தது. இவனும் ஒரு காயை நகர்த்தினான். வருஷங்களாக அக்கா தம்பிக்குள் மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான்.

இப்போது இவன் முறை. அதிலும் தோற்கிற நிலைமை.

இதுதான் அவனை அரித்தது. இந்தச் சமயம் பார்த்துச் சத்தமில்லாமல் போனால் அவள் என்ன நினைப்பாள்? தோற்கப்போகிறோம் என்று தெரிந்ததும் கழன்றுகொண்டான் என்றா? அல்லது இதுவும் போதும் என்று முடிவு செய்துவிட்டான் என்றா? போனில் அவளுக்கு ஒரு செய்தி தட்டினான். 'புரோகிராம் உடைஞ்சுபோச்சு.' படித்துப் பார்த்தான். பேசுவதற்குச் சாக்குத் தேடுகிறவன் எழுதியதுபோல இருந்தது. அழித்துவிட்டான்.

அவன் வேலை பார்த்தது குடிநீர்க் குழாய்களுக்கு வரைபடம் போடுகிற அலுவலகத்தில். ஊருக்கு அடியில் எந்தக் குழாய் எங்கே திரும்புகிறது என்பதெல்லாம் அவனுக்கு மனப்பாடம். அங்கே கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிற கேபிள்காரரிடம் மெதுவாக விஷயத்தைச் சொன்னான். அக்காவைப் பற்றிச் சொல்லவில்லை. ஒரு பழைய விளையாட்டு என்று மட்டும் சொன்னான்.

"பழைய லைப்ரரிய எங்கயாவது தேடிப் பாத்தீங்களா?"

"பாத்தேன். கிடைச்சுது. ஆனா அதுக்கு இன்னொண்ணு வேணுங்குது. அதுக்கு வேற ஒண்ணு."

"ஒருத்தனக் கூப்பிட்டா குடும்பத்தோட வந்து உக்காருவான்." கேபிள்காரர் கையிலிருந்த கம்பியைச் சுருட்டினார். "ஒண்ணு பண்ணுங்க சார். புது லைப்ரரிக்கே பழசோட பேர ஒட்டி வச்சிருங்க. உங்க புரோகிராம் பேரத்தான கேக்குது? ஆளப் பாத்தா கேக்குது?"

"அது சரியா வருமா?"

"வரும், வராது. வந்தா வந்ததுதான். வராட்டி எங்கிட்ட வராதீங்க."

மூன்று வாரத்துக்கும் மேலாக வேறு வழிகளை எல்லாம் முட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஆமை அதைச் செய்தான். புதிய லைப்ரரியைச் சுட்டும்படி ஒரு இணைப்பு வைத்து, அதற்குப் பழைய பெயரைக் கொடுத்தான். புரோகிராம் ஏதோ முணுமுணுத்தது. எச்சரிக்கை வரிகள் கடகடவென்று ஓடின. அவன் படிக்கவில்லை. பலகை திறந்துகொண்டது. கறுப்பும் வெள்ளையும், காய்களும், எல்லாம் அப்படியே இருந்தன. வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தான். யாரோ வெளியூர் போய்த் திரும்பிவந்து, வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருப்பதுபோல இருந்தது.

அப்புறம்தான் கவனித்தான். தன்னுடைய பிஷப் ஒன்று நடுப்பலகையில் நிற்கிறது. அது மூலைவாட்டில் போகும் வழி முழுக்கக் காலி. வழியின் கடைசியில் அக்காவின் ராணி.

இத்தனை நாள் இது எப்படிக் கண்ணில் படாமல் போயிற்று? ஒரு சின்னச் சந்தேகம் எட்டிப் பார்க்கத்தான் செய்தது. ஆனால் தோற்றுக்கொண்டிருக்கிறவனுக்கு நல்ல செய்தி வரும்போது அதை யார் துருவிக் கேட்பார்கள்? பிஷப்பை இழுத்து ராணியின் மேல் வைத்தான். அனுப்பினான்.

மறுநாள் மாலை அலுவலகத்திலிருந்து வந்து பையை வைக்கும்போது போன் அடித்தது. திரையில் 'அக்கா' என்று வந்தது. அந்த எழுத்துகளை அந்தத் திரையில் பார்த்து எத்தனை காலம் ஆயிற்று என்று யோசிப்பதற்குள் எடுத்துவிட்டான்.

"ஆமை." குரல் கொஞ்சம் தடித்திருந்தது. "குதிரை எப்பலேருந்துடா குறுக்க ஓட ஆரம்பிச்சுது?"

அவனுக்குப் புரியவில்லை. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். சிரிப்புக்கு நடுவில் மூக்கை உறிஞ்சினாள்.

"காலைல தொறந்து பாத்தா என் ராணிய காணோம். அந்த எடத்துல உன் குதிரை உக்காந்திருக்கு. எனக்கு ஒரு நிமிஷம் ஒண்ணுமே ஓடல. அப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு. அப்பா பண்ணுவாரே. தோக்கப்போறார்னா குதிரைய எடுத்துப் பறக்கவிடுவாரே."

"றெக்க மொளச்சிருச்சும்பார்" என்றான் இவன், தன்னையறியாமல்.

"ஆமா. நீ அழுவே. நான் பலகைய கவுத்துருவேன்." அவள் நிறுத்தினாள். "இத்தன வருஷம் கழிச்சு, உனக்கு இப்படி ஒண்ணு தோணிச்சே. நான் நெனைக்கவே இல்லடா."

ஆமை போய்க் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தான். அவன் பிஷப் என்று நினைத்தது பிஷப் இல்லை. புது லைப்ரரியில் படங்களின் வரிசை மாறியிருக்கிறது. குதிரையைக் கேட்டால் பிஷப்பையும், பிஷப்பைக் கேட்டால் குதிரையையும் எடுத்துக் கொடுத்திருக்கிறது. அக்காவின் வீட்டில் பழைய லைப்ரரி. அங்கே குதிரை குதிரையாகவே இருந்தது.

சும்மா இருந்துவிடலாம். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவளுக்கு அப்பாவின் குதிரை கிடைத்துவிடும், இவனுக்கு அக்கா கிடைத்துவிடுவாள். ஆனால் இன்னொன்றுக்குப் பழைய பெயரை ஒட்டிவைத்தால் என்ன ஆகும் என்பதை அவன் அந்தத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா."

"ம்."

"நான் வேணும்னு பண்ணல. கம்ப்யூட்டர புதுப்பிச்சேன், புரோகிராம் உடைஞ்சுபோச்சு. ஒப்பேத்தி ஓட்டுனேன். படம் மாறிப்போச்சு. பிஷப்னு நெனச்சுத்தான் வெட்டுனேன்."

அவள் வீட்டுக் குழாயில் தண்ணீர் சொட்டுவது கேட்டது. வாஷர் தேய்ந்திருக்கும் என்று அவன் நினைத்தான். இருவருமே போனை வைக்கவில்லை.

"அப்ப இத்தன நாள் ஆடாம இருந்தது?"

"தொறக்கவே இல்ல. அதான்."

"நான் வேற என்னவோ நெனச்சேன்." சற்றுப் பொறுத்து, "ஒரு போன் பண்ணிச் சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருக்கலாம்."

மறுபடியும் தண்ணீர் சொட்டியது. பிறகு நாற்காலி இழுபடும் ஓசை.

"சரி, அந்த வெட்டு செல்லாது. உன் பலகைய நம்ப முடியாது. வேற பலகை இருக்கா?"

"இல்ல."

"ஒரு தாள எடு."

ஒரு பழைய குழாய் வரைபடத்தின் பின்பக்கத்தில் கட்டம் போட்டான். கோடு போடுவது அவனுக்குக் கை வந்த வேலை. சமையலறையிலும் மேசை இழுப்பறையிலும் கிடந்ததை எல்லாம் அள்ளிக்கொண்டு வந்தான்.

"என் ராஜா, உன் எடதுகைப் பக்கம், அந்த மூலைல."

"வச்சுட்டேன்."

"என்னத்த வச்ச?"

"உப்பு டப்பா."

"ராணிக்கு?"

"பாட்டில் மூடி."

"ராஜாவுக்கு உப்பு டப்பா, ராணிக்கு வெறும் மூடியா?"

"உப்பு டப்பாவும் உன்னுதுதான்."

"ம். அதுக்கு முன்னாடி மூணு சிப்பாய்."

சிப்பாய்களுக்குத் தலைவலி மாத்திரைகளைப் பிரித்து வைத்தான். அவள் நிதானமாக, ஒவ்வொரு காயாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். யானை எங்கே, பிஷப் எங்கே, அவன் பக்கத்தில் எவை மிச்சம். பள்ளிக்கூட நாட்களில் அவனுக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுத்த அதே குரல். ஒன்று வைத்து முடிந்ததா என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்தது. அப்பாவைப் பற்றி அதற்குமேல் இருவரும் பேசவில்லை. கடைசியாக அவனுடைய குதிரைக்கு ஒரு கதவுச் சாவியை வைத்தான்.

"அவ்வளவுதான்" என்றாள். "உன் முறை. ஒழுங்கா ஆடு."

"ஆடினா எப்படிச் சொல்றது?"

"வாய் இருக்குல்ல?" என்றாள் அக்கா. வைத்துவிட்டாள்.

ஆமை விளக்கைப் போட்டுவிட்டு மேசையின் முன் உட்கார்ந்தான். சரியான காய்கள் சரியான இடத்தில் இருந்தபோது நிலைமை தெளிவாகவே தெரிந்தது. எப்படி ஆடினாலும் தோல்விதான். தைரியமாகப் போனால் நாலு நகர்த்தலில் கதை முடியும். சாவியைத் தொட்டான், எடுக்கவில்லை. தாளின் மறுபக்கத்திலிருந்து குழாய்கள் மங்கலாகத் தெரிந்தன. தன் பக்கத்து ஓர மாத்திரை ஒன்றை ஒரே ஒரு கட்டம் தள்ளினால், அவள் அதற்குப் பதில் ஆடியாக வேண்டும். பிறகு அடுத்த மாத்திரை. அப்படியே இழுத்தால் இந்த ஆட்டம் எவ்வளவு தூரம் போகும் என்று, அவசரமில்லாமல், கணக்குப் போட ஆரம்பித்தான்.