அடுக்களை ஜன்னல்

"வாயால மூச்சு வாங்காதே, காமு. மூக்கால மெதுவா இழு. நிறுத்து. இப்போ விடு," என்றார் அனந்தகிருஷ்ணன், மனைவியின் தலைமாட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு.

இழுக்க முடிந்தால் அவள் இழுக்க மாட்டாளா? காமுவின் நெஞ்சுக்கூடு ஏறி ஏறி இறங்கியது. அவள் முதுகைத் தாங்கிக்கொண்டிருந்த தங்கை சாவித்ரி அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"அத்திம்பேர், அவளைச் செத்த சும்மா விடுங்கோளேன்."

"நான் சொன்னபடி தினம் பிராணாயாமம் பண்ணியிருந்தா இந்த கதி வருமா?"

வங்காளத்துப் பவானிப்பூர்த் தமிழர்களுக்கெல்லாம் அவர்தான் மூச்சு வாத்தியார். வெள்ளைக்காரக் கம்பெனியில் குமாஸ்தா உத்தியோகம். ஞாயிற்றுக்கிழமையானால் கூடத்தில் பாய் விரித்து, மூச்சு சீராக இருந்தால் நோயும் அண்டாது, கோபமும் அண்டாது என்று பிரசங்கம். கேட்க வந்தவர்களுக்கு அடுக்களையிலிருந்து காபி வரும். கூடவே இருமல் சத்தமும் வரும்.

அந்த அடுக்களைக்கு இருந்தது ஒரே ஜன்னல். அதைத் திறந்தால் அடுத்த வீட்டு வங்காளிகள் மீன் வறுக்கிற வாசனை. ஆசாரமான வீட்டுக்கு அடுக்குமா? குடிவந்த கையோடு தச்சனைக் கூப்பிட்டு, பலகை வைத்து ஆணியடித்துவிட்டார் மனிதர். மீன் வாசனை வெளியே நின்றது. கரியடுப்புப் புகை உள்ளேயே நின்றது. பலகையை எடுக்கச் சொல்லும்படி சாவித்ரி தலைபாடாக அடித்துக்கொண்டாள். "அவருக்கு அந்த வாசனை ஆகாதுடி" என்று சொல்லிவிட்டு, காமு மறுபடியும் அடுப்பை ஊதப் போய்விடுவாள்.

மத்தியானம் காமு போய்விட்டாள்.

தெற்கே தலைவைத்து அவளைக் கூடத்தில் கிடத்தினார்கள். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் முழுவதும் வந்துவிட்டது.

"அண்ணா எவ்வளவு நிதானமா இருக்கார் பார்த்தேளா? எல்லாம் அந்த அப்பியாசம்," என்றார் அந்தக் கூட்டத்தில் ஒருவரான சுந்தரேசன். "பாவம், மன்னிதான் கத்துக்காம போயிட்டா."

சாவித்ரி விருட்டென்று எழுந்தாள். நேரே அடுக்களைக்குப் போனாள். கரி உடைக்கிற சுத்தியல் அடுப்போரத்திலேயே கிடந்தது. அதை எடுத்துப் பலகையில் ஓங்கிப் போட்டாள்.

கூடத்தில் பேச்சு நின்றது. அனந்தகிருஷ்ணன் ஓடி வந்தார். முகம் சிவந்து, உதடு துடித்தது.

"என்ன காரியம் பண்றே! பிணம் கிடக்கற வீட்டுல மீன் நாத்தமா வரணும்?"

மேலே பேச முடியாமல் வாயால் மூச்சு வாங்கினார்.

"மூக்கால இழுங்கோ, அத்திம்பேர்," என்றாள் சாவித்ரி. மறுபடியும் ஓங்கிப் போட்டாள்.

பலகை பிளந்து விழுந்தது. புகையேறிக் கறுத்த சுவரில் வெயில் அடித்தது. மீன் வாசனை எதுவும் வரவில்லை. சந்துக்கு அந்தப்புறம், எதிர் ஜன்னலில் வங்காளிப் பெண் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பின்னால், காலையிலிருந்து பற்றவைக்காத அடுப்பு தெரிந்தது.