காட்டுமாடு பார்த்துக் கொடுத்த வீடு

"குன்னூர்ல எனக்கு ஊடு பிடிச்சுக் குடுத்தது ஒரு காட்டுமாடு. புரோக்கர் கமிஷன்கூடக் கேக்கல."

பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் சங்கிலி இப்படிச் சொன்னதும் பெஞ்சில் இருந்த நாலு பேரும் நம்பிவிட்டார்கள். ஓசியில் கிடைக்கிற கதையை நம்புவதற்கென்ன? டீ ஆற்றிக்கொண்டிருந்த அயூப் மட்டும் நம்பவில்லை.

"ஏனுங்கண்ணா, போன மாசம் ஒரு சிறுத்தை உங்களுக்குக் குடை பிடிச்சுட்டு வந்துச்சுன்னீங்க. போனாப் போகுதுன்னு விட்டேன். இது ரொம்ப ஓவருங்க."

"பால் காய்ச்சற அன்னைக்கு வந்து பாரு" என்றார் சங்கிலி. அதற்கு மேல் வழக்காட அவருக்குத் தெம்பில்லை. வீடு தேடி மூன்று மாதமாக ஏறிய படிகளை அடுக்கினால் நிலாவுக்குப் போய் ஒரு டீ குடித்துவிட்டு இறங்கலாம்.

முப்பத்தாறு வருஷம் எஸ்டேட் ஃபாக்டரியில் இலை உருட்டும் மெஷின் அவர் கையில் இருந்தது. மனைவி மாரியாயி கொழுந்து பறித்தாள். இருவருக்கும் ஒரே வருஷம் ரிட்டயர்மென்ட். மாசம் முப்பத்தொன்றுக்குள் எஸ்டேட் கொடுத்த லயத்து வீட்டை ஒப்படைத்தாக வேண்டும். அந்த வீட்டுக்கு வரவேண்டிய ஜார்க்கண்ட் குடும்பம் பெட்டி படுக்கையோடு எஸ்டேட் ஆபீஸ் வராந்தாவில் காத்திருந்தது. அந்தப் பெட்டிகளைப் பார்க்காமல் போவதற்காகவே சங்கிலி சுற்றுவழியில் நடந்தார்.

மார்க்கெட் பக்கத்து மாடியில் வீடு பிடித்துத் தரும் ஒரு வாடகை ஆபீஸ் இருந்தது. டோக்கன் வாங்கி, உட்கார்ந்து, நாலு பக்க ஃபாரம் நிரப்பினார்கள். 'வேலை' என்ற கட்டத்தில் 'ஓய்வு' என்று எழுதியதைப் பார்த்ததும் மேசைக்குப் பின்னால் இருந்த பெண்ணின் முகம் மேகம் இறங்கின மாதிரி மங்கிவிட்டது. அதற்கப்புறம் எந்த வாசலுக்குப் போனாலும் ஒரே பாட்டுதான்: "இப்பத்தானுங்க ஒருத்தருக்குச் சொல்லிட்டோம்." ஒரு வீட்டில், சீசனுக்கு டூரிஸ்டுக்கு விடுகிறோம், மே கழித்து வாருங்கள் என்றார்கள். இன்னொரு வீட்டில் சுவரில் சாய்ந்தால் சட்டையைப் பிழிந்து வாளி நிரப்பலாம். அதற்கும் பதினேழு பேர் முன்னால் நின்றார்கள். மாரியாயியின் முழங்கால் பூசணிக்காய் ஆகிவிட்டது.

ஒருநாள் ராத்திரிச் சாப்பாட்டில் சங்கிலி இன்னொரு தோசைக்குத் தட்டை நீட்டினார்.

"இப்பத்தானுங்க ஒருத்தருக்குச் சொல்லிட்டோம்" என்றாள் மாரியாயி.

இருவருக்கும் சிரிக்கத் தெம்பில்லை.

இருபத்தெட்டாம் தேதி வாடகை ஆபீஸ் அவர்களை வண்டிச்சோலைக்கு அனுப்பியது. ரோட்டோரத்து வீடு. நாலே படி, ரெண்டு அறை, சுவரில் வெயில். வீட்டுக்காரி தங்கமணி மாடியில் தனியாக இருந்தாள். மூன்று மணிக்கு எல்லாரையும் வரச் சொல்லியிருந்தாள். வந்தது முந்நூறு பேர் என்பார் சங்கிலி. நாம் முப்பது என்று வைத்துக்கொள்வோம். காரில் வந்தவர்கள், லேப்டாப் பையோடு வந்தவர்கள், சம்பளச் சீட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வந்தவர்கள். சங்கிலியும் மாரியாயியும் கடைசி. நிற்க முடியாமல் கேட்டுக்குப் பக்கத்துக் கல்லில் உட்கார்ந்தார்கள்.

அப்போது மேலே தேயிலைச் செடி விலகியது. லாரி அளவுக்கு ஒரு காட்டுமாடு, வெள்ளைக் காலுறை போட்ட மாதிரி நாலு காலோடு, ரோட்டில் இறங்கி நின்றது.

வரிசை காற்றில் கரைந்தது. கார்கள் பறந்தன. ஃபாரங்கள் ரோடெல்லாம் சிதறின.

"ஓடலாமுங்களா?" என்றாள் மாரியாயி.

"உன்னால முடியுமா?"

"முடியாதுங்க."

"என்னாலயும்தான்."

தேயிலைக் காட்டில் மாடு வந்தால் கூடையை இறக்கிவைத்து, கத்தாமல், அது ஏறிப்போக மேல்பக்கம் வழி விட்டு இருந்த இடத்திலேயே இருப்பார்கள். அந்தப் பழக்கம் பாதி; அலுப்பு பாதி. மாரியாயி பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுகிற குரலில், "போ சாமி, மேல போ. நாங்களே ஊடு கெடைக்காம உக்காந்திருக்கறோம்" என்றாள்.

மாடு அவளைப் பார்த்தது. தங்கமணியின் பீன்ஸ் செடி முழுவதையும் தின்றது. பிறகு கேட்டுக்கு முன்னால் ஓரமாகப் படுத்து அசைபோட ஆரம்பித்தது.

ஒரு மணி நேரம் கழித்து மாடி ஜன்னல் ஒரு விரற்கடை திறந்தது. "ஏனுங்க, நீங்க ஓடலீங்களா?"

"மெதுவாப் பேசுங்கம்மா, அது தூங்குது" என்றாள் மாரியாயி.

தங்கமணி பின்வாசல் வழியாக அவர்களை உள்ளே அழைத்தாள். செம்பில் தண்ணீர் கொடுத்தாள். "வாரம் ரெண்டு தடவை வருதுங்க. இதுக்குப் பயந்தே போன வருசம் ரெண்டு குடித்தனம் ஓடிப்போச்சு. நான் ஒத்தையில கெடந்து சாகறேன். நீங்க இங்கயே இருந்துடுங்க."

சம்பளச் சீட்டைக் கேட்கவில்லை. ஃபாரத்தைப் பிரிக்கவே இல்லை. சாவியை மாரியாயியின் மடியில் வைத்துவிட்டாள். மாரியாயி அதை முந்தானையில் முடிந்துகொண்டாள். அப்புறம் ரெண்டு காலையும் நீட்டிக்கொண்டாள்.

முப்பத்தொன்றாம் தேதி காலை பால் பொங்குகிற நேரம் சங்கிலியின் போன் அடித்தது. அயூப்.

"அண்ணா, சக்கரையும் பன்னும் வாங்கிட்டு வந்தேனுங்க. எதுத்தாப்ல தண்ணித் தொட்டி மேல நிக்கறேன்." குரல் கிசுகிசுவென்று வந்தது.

"அங்க என்னப்பா வேலை? உள்ள வா."

"கேட்டுல படுத்திருக்குதுங்க."

"எது?"

"அதாங்க."

"பேரைச் சொல்லு, அயூப்."

"உங்க புரோக்கருங்க! நடந்துச்சுங்கண்ணா, நீங்க சொன்னது அத்தனையும் நடந்துச்சு! அக்காவைக் கொஞ்சம் வெளிய வந்து அதுகிட்டப் பேசச் சொல்லுங்க!"