‘முன்’ பெட்டிக்கு ஒரு படம்

பெரியவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. வேலைக்குப் போகிற வீட்டில் கதவு திறந்ததும் வாளியைக் கீழே வைப்பாள், வாசற்படியில் நின்றபடியே போனை எடுத்து உள்ளே ஒரு படம் பிடிப்பாள், அப்புறம்தான் கையுறையை மாட்டுவாள். நாளைக்கு யாராவது, “இங்க ஒரு கண்ணாடி ஜாடி இருந்துச்சே, காணோமே” என்று ஆரம்பித்தால் காட்ட வேண்டுமில்லையா? வீடு சுத்தம் செய்யும் தொழிலில் திருட்டுப் பழி ஒரே ஒரு தடவை வந்தால் போதும், மூட்டை கட்ட வேண்டியதுதான்.

அந்தக் குடும்பத்தில் இரண்டே பெண்கள். மூத்தவள் பெரியவள், அவளுக்கு ஒன்பது வயது இளையவள் சின்னவள். கல்யாணமாகி ஆளுக்கொரு வீடு என்று போன பிறகும் சொந்தபந்தத்தில் பெயர் மாறவில்லை. சின்னவளைத் தூக்கி வளர்த்ததே பெரியவள்தான். அந்த உரிமை அவளுக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கூட இரண்டு பெண்களைச் சேர்த்துக்கொண்டு பெரியவள் தொழிலை விரிவாக்கியபோது, இணையதளம் இல்லாமல் இந்தக் காலத்தில் ஒன்றும் நடக்காது என்றார்கள். இலவசமாகக் கிடைத்த ஒரு மாதிரியை எடுத்து, ஒற்றை விரலால் தட்டித் தட்டி, தானே செய்து முடித்தாள். பக்கத்தின் நடுவில், சுத்தம் செய்வதற்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களைப் போட, இரண்டு பெட்டிகள் இருந்தன. ஒன்றின் கீழே ‘முன்’, இன்னொன்றின் கீழே ‘பின்’. பின் பெட்டிக்குப் பஞ்சமே இல்லை, மின்னுகிற குழாயையும் துடைத்த தரையையும் யாரும் மறுக்கவில்லை. முன் பெட்டிக்குத்தான் ஆள் கிடைக்கவில்லை. பெரியவள் பதினோரு வீட்டில் கேட்டாள். கல்லூரியில் பாடம் நடத்துகிற ஒரு அம்மா பதறிப்போய், “ஐயோ வேணாம்மா, என் மாமியாருக்கு வேற வேலையே இல்ல, நாள் முழுக்க இன்டர்நெட்டுலதான் இருக்காங்க” என்றார்.

பெரியவளின் போனில் ஒரு படம் இருந்தது. அது சின்னவளின் சமையலறை.

சின்னவளுக்குக் குழந்தை பிறந்து மூன்றாவது மாதம் அது. போனில் பேசினால் “நல்லா இருக்கேன்க்கா” என்பாள். குரலில் உயிரே இருக்காது. மனசு கேட்காமல் ஒருநாள் பெரியவள் சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்றாள். தொட்டியில் பாத்திரம் கழுத்து வரை நிறைந்திருந்தது. அடுப்பில் பொங்கி வழிந்த பால் கருகிக் கிடந்தது. தரையில் பால் புட்டிகள், மேஜையில் பிரிக்காத தபால்கள். படுக்கையறையில் சின்னவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள், பக்கத்தில் குழந்தை அழுதுகொண்டிருந்தது. அவள் புருஷன், பாவம், வேலைக்கும் போய், கடைக்கும் ஓடி, என்ன செய்வதென்று தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தான். பெரியவள் இரண்டு நாள் அங்கேயே தங்கி வீட்டைத் துடைத்தாள், தங்கையைக் குளிப்பாட்டினாள், கையோடு டாக்டரிடம் கூட்டிப்போனாள். ஊரில் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை, பெற்ற அம்மாவிடம்கூட. “நீ யார்கிட்டயும் சொல்லலைல்லக்கா, அது போதும் எனக்கு” என்று சின்னவள் பிறகு கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறாள்.

ஆனால் அன்று சமையலறை வாசலில் நின்றதும் பெரியவளின் கை, வழக்கம்போல, தானாகப் போனை எடுத்து ஒரு படம் பிடித்திருந்தது. அந்தப் படத்தைத்தான் முன் பெட்டியில் போட்டாள். முகம் இல்லை, பெயர் இல்லை, வெறும் சமையலறை. பதினோரு பேரைக் கேட்டவள் பன்னிரண்டாவது ஆளைக் கேட்கவில்லை. நம்ம சின்னவதானே, அவளை என்ன கேட்பது!

படம் நன்றாக வேலை செய்தது. கூப்பிடுகிறவர்கள் எல்லாரும் அதைத்தான் சொன்னார்கள். “அந்த முதல் படம் பார்த்தேங்க. எங்க வீடும் அப்படித்தான். கேவலமா நினைக்க மாட்டீங்கன்னு தோணுச்சு” என்று தயங்கித் தயங்கிப் பேசினார்கள். வெட்கத்தில் யாரையும் வீட்டுக்குள் விடாதவர்கள் பெரியவளுக்குக் கதவைத் திறந்தார்கள். ஒரு வருஷம் தலைக்கு மேல் வேலை.

சின்னவள் மருந்துக்கடையில் வேலைக்குத் திரும்பியிருந்தாள். அங்கே கூட வேலை செய்கிற பெண் ஒருத்தி வீடு சுத்தம் செய்ய ஆள் தேடிக்கொண்டிருந்தாள். “இங்க பாரேன், என்னைவிட மோசமா ஒருத்தி குடித்தனம் பண்றா!” என்று சிரித்துக்கொண்டே போனை நீட்டினாள்.

அன்று மதியம் பெரியவள் ஒரு அடுக்குமாடியில் படிக்கட்டு தேய்த்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

“அக்கா, அது என் கிச்சன்தானே?”

பெரியவள் தேய்ப்பதை நிறுத்தினாள். “சின்னவளே, அதுல உன் பேரு எங்கயும் இல்லடி...”

“பதினோரு பேரைக் கேட்டேன், யாரும் தரலைன்னு நீதானே என்கிட்ட சொல்லிச் சிரிச்சே? முன்ன பின்ன தெரியாதவங்களையெல்லாம் கேட்டியே, என்னைக் கேட்கணும்னு தோணலையா?”

“நீ என் தங்கச்சிடி.”

“அதனாலதான் கேட்கறேன்.” குரல் உயரவில்லை, அதுதான் பயமாக இருந்தது. “அவ சிரிச்சா. நானும் கூடச் சேர்ந்து சிரிச்சேன்க்கா. வேற என்ன பண்றது?” போன் வைக்கப்பட்டது.

பெரியவள் வாளியோடு படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அங்கேயே முன் பெட்டியிலிருந்து படத்தை நீக்கிவிட்டாள், அதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. ஆனால் நீக்கி என்ன பிரயோசனம்?

அதன் பிறகு சின்னவள் பேசவில்லை. கூப்பிட்டால் அவள் புருஷன்தான் எடுத்தான். “குளிக்கறாக்கா” என்றான். சாயங்காலமும் குளித்தாள், மறுநாள் காலையிலும் குளித்தாள், மதியமும் குளித்தாள். ஒரு மனுஷி எத்தனை தடவைதான் குளிப்பாள்! பொய் சொல்லத் தெரியாத பிள்ளை அவன், திட்டவும் மனசு வரவில்லை.

முன் பெட்டி காலியாகக் கிடந்தது. அழைப்புகளும் குறைந்தன. கூட வேலை செய்கிறவர்களில் ஒருத்தி எங்கிருந்தோ ஒரு படத்தை இறக்கிக் கொடுத்தாள். பளிங்கு மேடையில் நாலு தட்டு, ஒரு ஆரஞ்சுத் தோல். “இது குப்பையா? இதுக்கு ஒருத்தன் சம்பளம் வாங்கிட்டு நின்னு அடுக்கியிருக்கான்” என்று பெரியவள் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

ஒரு வியாழக்கிழமை சாயங்காலம், மூன்று வீடு முடித்து, இடுப்பு விண்விண்ணென்று தெறிக்க வீடு திரும்பினாள். புருஷன் வெளியூர் பஸ் ஓட்டுகிறவர், அப்போதுதான் வந்து நாற்காலியில் தூங்கிப்போயிருந்தார். பெரியவள் சமையலறை வாசலில் நின்றாள். தொட்டியில் திங்கட்கிழமைப் பாத்திரம் கிடந்தது. குப்பைக்கூடை நிரம்பி வழிந்தது. அடுப்பில் எண்ணெய் பிசுக்கு, மேடையில் காய்ந்த டீக் கறை, மூலையில் துவைக்காத துணி மூட்டை. நாளெல்லாம் அடுத்தவர் வீட்டைத் துடைத்துவிட்டு வந்து இதைத் தொட அவளுக்குத் தெம்பு இருந்ததே இல்லை. எத்தனையோ மாதமாக இப்படித்தான். அதுவரை பார்த்ததே இல்லாதது போல அன்றைக்குப் பார்த்தாள்.

போனை எடுத்தாள். கை தானாக முன்னால் போய், மேலே கிடந்த இரண்டு தட்டையாவது எடுத்து மறைக்கப் பார்த்தது. ‘ஏன், உன் வீடுன்னா மட்டும் மறைக்கணுமோ?’ என்று தன்னையே கேட்டாள். கை நின்றது. படுத்துக் கிடந்தவளுக்கு மறைக்க இரண்டு கைகூட எழவில்லையே, அதையா நான் ஊருக்குக் காட்டினேன் என்று நினைத்தபோது அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

படத்தை முன் பெட்டியில் போட்டாள். கீழே ஒற்றை விரலால் எழுதினாள்: ‘இது என் சொந்தச் சமையலறை. இன்று எடுத்தது.’

புருஷன் மறுநாள் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். “ஏம்மா, சுத்தம் பண்றவ வீடே இப்படியான்னு ஊரு சிரிக்காதா?”

“சிரிக்கட்டும்ங்க. என் வீட்டைப் பார்த்துத்தானே சிரிக்கறாங்க.”

சொல்லிவிட்டாளே தவிர, லேசாக இல்லை. “பார்த்தேங்க, எங்க வீட்டைவிட மோசம்” என்று ஒருவர் போனிலேயே சிரித்தபோது காது மடல் வரை சுட்டது. “சொல்லுங்க, எந்த நாள் வரட்டும்?” என்று கேட்டுக் குறித்துக்கொண்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கதவு தட்டப்பட்டது. திறந்தால் சின்னவள், இடுப்பில் குழந்தை. முகத்தில் சிரிப்பு இல்லை. குழந்தையைப் பெரியவளின் கையில் திணித்துவிட்டு நேரே சமையலறைக்குப் போனாள்.

“எத்தனை நாளா இப்படி இருக்கு?”

“நாலு நாளா... இல்லடி. ரொம்ப நாளாவே.”

“மாமா?”

“அவரு வாரத்துல ரெண்டு நாள் வீட்டுல இருந்தா அதிகம். அந்த ரெண்டு நாளும் தூக்கம்தான்.”

“என்கிட்ட சொல்லியிருக்கலாமே?”

“நீ சொன்னியா?” என்று வாய் தவறி வந்துவிட்டது. பெரியவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். “தப்புடி. நான் பண்ணினது பெரிய தப்பு. அன்னைக்கு நீ எழுந்திருக்க முடியாம கெடந்தே. உன்னைப் பார்க்கறதுக்கு முன்னாடி நான் கிச்சனைப் படம் பிடிச்சிருக்கேன். அதுக்கு மேல அதை எடுத்து ஊருக்கும் காட்டிட்டேன்.”

சின்னவள் குழாயைத் திறந்து கை நனைத்தாள். “கோபம் போயிடுச்சுன்னு நினைக்காதே.”

“நினைக்கலை.”

“போகும். இன்னைக்கு இல்ல.” முதல் பாத்திரத்தை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தாள்.

பெரியவள் குழந்தையை வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். அவளுக்குத் தெரிந்து அந்த வீட்டில் இன்னொருத்தர் பாத்திரம் தேய்த்ததில்லை. தங்கையின் தேய்ப்பில் ஆயிரம் குறை தெரிந்தது, அடிப்பக்கத்தை விட்டுவிட்டாள், தண்ணீரை வீணாக்கினாள். சொல்ல வாய் துடித்தது. சொல்லவில்லை. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது, குழந்தை அதை விரலால் தொட்டுப் பார்த்தது.

பாத்திரம் பாதி முடிந்திருந்தது. பெரியவள் நாலு தடவை ஆரம்பித்து நிறுத்தி, கடைசியில் கேட்டேவிட்டாள். “அடுத்த வாரமும் வருவியாடி?”

தனக்கென்று யாரிடமும் உதவி கேட்டுப் பழக்கமில்லாதவள்.

சின்னவள் திரும்பிப் பார்க்கவில்லை. கையில் இருந்த பாத்திரத்தைக் கழுவி, கவிழ்த்து வைத்தாள்.

“வரேன். ஆனா நான் வேலை செய்யறப்ப நீ சும்மா உக்காந்திருக்கணும். எழுந்து வரக் கூடாது, குறை சொல்லக் கூடாது.”

இருபது வருஷமாக அவள் செய்து பழகாத ஒரே வேலை அதுதான். பெரியவள் நாற்காலியை இழுத்துப் போட்டு, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.