சான் இலாரியோவுக்குத் தொப்பிக்கடை வந்த விதம்

பக்கத்து ஊரான வியா செரேனாவுக்கு ஐஸ்கிரீம் தொழிற்சாலை வந்த நாளிலிருந்து சான் இலாரியோ மேயர் கலிஸ்தோவுக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது. அந்த ஐஸ்கிரீமையே வாங்கித் தின்று பார்த்தார். எரிச்சல் கூடியதே தவிரக் குறையவில்லை.

நகராட்சியின் தொழில் வளர்ச்சிப் பிரிவு என்பது ஒப்துலியா ரிக்கெல்மே என்ற ஒரே பெண்மணிதான். மேயர் அவளைக் கூப்பிட்டார்.

"ஒப்துலியா, யாரு புதுசா தொழில் தொடங்கினாலும் ஒரு வருஷம் நகராட்சி வரி கிடையாது. ஒலிபெருக்கிக் காரை அனுப்பி ஊரெல்லாம் சொல்லிடு. பேண்டு வாத்தியத்தோட நானே வந்து திறந்து வைக்கிறேன்."

சொன்னார்கள். வெளியூரிலிருந்து ஈ காக்கைகூட வரவில்லை. ஒருநாள் தலைநகரிலிருந்து பளபளவென்று ஒரு பெரிய கார் வந்து நின்றது. ஒப்துலியா தெரெரே என்ற குளிர்ந்த மூலிகைப் பானக் குவளையை ஏந்திக்கொண்டு ஓடினாள். இறங்கிய மனிதர் அதை ஒரே உறிஞ்சாக உறிஞ்சிவிட்டு, கழிப்பறை எங்கே என்று கேட்டார்.

அப்போதுதான் உள்ளூரிலிருந்தே இரண்டு பேர் கிளம்பினார்கள். சதுக்கத்தில் பொலிகார்போவின் சிப்பா ரொட்டிக்கடையும் சில்வேரியோவின் முடிதிருத்தும் கடையும் ஒரே சுவரைப் பங்கு போட்டு நின்றன. சில்வேரியோவின் தங்கையைத்தான் பொலிகார்போ கட்டியிருந்தான். இருவரும் புதுத் தொழில் தொடங்குவதாகச் சொன்னதும் ஒப்துலியா பார்க்கப் போனாள். ரொட்டிக்கடையில் சில்வேரியோ மாவும் கையுமாக நின்றான். பக்கத்துக் கடையில் பொலிகார்போ கத்தரிக்கோலைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"என்னய்யா கூத்து இது?"

"கூத்து இல்லக்கா, கடைய மாத்திக்கிட்டோம்" என்றான் சில்வேரியோ. "பொறந்ததுலேருந்து நான் ஒரு சிப்பா சுட்டதில்ல. இதவிடப் புதுசு எங்க கிடைக்கும்?"

"நான் ஆட்டுக்குக்கூட முடி வெட்டினதில்ல" என்று பொலிகார்போ பெருமையாகச் சொன்னான்.

விதிகளை எத்தனை முறை புரட்டினாலும் இதைத் தடுக்க ஒப்துலியாவுக்கு வழி கிடைக்கவில்லை. மேயரோ, "ஒரே நாள்ல ரெண்டு தொழிலா!" என்று துள்ளினார். பேண்டு முழங்க வந்து இரண்டு ரிப்பனையும் வெட்டினார். அதோடு விட்டிருக்கலாம். உற்சாகம் தாங்காமல், "முதல் போணி நான்தான்" என்று பொலிகார்போவின் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

வாசலிலிருந்து சில்வேரியோ கத்தினான். "மாப்ளே, காத விட்டுடு! அது அவரோட சொந்தம்!"

"வாய மூடு மச்சான், உன் அடுப்புல கருகுது பாரு!"

பொலிகார்போவின் கைக்கு வட்டத்தைத் தவிர வேறொன்றும் பழக்கமில்லை. வாழ்நாளெல்லாம் வளையச் சிப்பா உருட்டிய கை அது. அவன் துணியை உருவியபோது மேயரின் உச்சந்தலை மொட்டையாகவும், சுற்றிலும் முடி தடித்த வளையமாகவும் இருந்தது. பேண்டு சட்டென்று நின்றது. மேயர் கண்ணாடியைப் பார்த்தார். கழுத்து நரம்பு புடைத்தது. ஒப்துலியா கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"கம்பீரமா இருக்குங்கய்யா!" என்றார் ஒரு கவுன்சிலர்.

"பத்து வயசு கொறஞ்சிருச்சு!" என்றார் இன்னொருவர்.

மேயர் மெதுவாகத் திரும்பினார். "அப்படியா? அப்ப நீங்களும் உக்காருங்க."

அன்று சாயங்காலத்துக்குள் நகராட்சி மன்றம் முழுவதும் வளையத் தலை. மறுவாரம் குமாஸ்தாக்கள், அவர்களின் மைத்துனர்கள், வேலை கேட்டு நின்றவர்கள். வெயிலில் உச்சந்தலைகள் தக்காளி போலச் சிவந்தன. இதற்கிடையே வளையம் உருட்ட வராத சில்வேரியோ, தனக்குத் தெரிந்தபடி மாவைப் பெண்களின் சடைபோலப் பின்னிச் சுட்டான். பேருந்துப் பயணிகள் அதை அடித்துப் பிடித்து வாங்கினார்கள்.

அப்படி ஒரு சடையை மென்றுகொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவர்தான் வியா செரேனாவின் தொப்பி வியாபாரி அன்செல்மோ. சதுக்கத்தைப் பார்த்தார். மெல்லுவதை நிறுத்தினார். ஓடும் பேருந்திலிருந்து குதிக்காத குறையாக இறங்கி நகராட்சிக்கு வந்தார்.

"கழிப்பறை இடது பக்கம்" என்றாள் ஒப்துலியா, நிமிராமலே.

"அதில்லம்மா. இந்த ஊர்ல தொப்பிக்கடை இருக்கா?"

"இல்ல."

"அப்ப எனக்கு ஒரு கடை வேணும். இன்னிக்கே!"

ஒப்துலியா எழுந்து அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

கடை அமோகமாக ஓடியது. சில மாதங்கள் கழித்து அன்செல்மோ வியர்க்க விறுவிறுக்க வந்து நின்றார்.

"அம்மா, என் பொழப்பு போச்சு! அந்த ஆளு நல்லா வெட்டக் கத்துக்கிட்டான். நேத்து வந்தவரு, தலைய மறைக்க மனசு வரலன்னு தொப்பியத் திருப்பிக் குடுத்துட்டாரு. உள்ளூர்த் தொழிலக் காப்பாத்தறது உங்க வேலைதானே?"

அவள் வேலைதான். அவரையும் கூட்டிக்கொண்டு பொலிகார்போவின் கடைக்குப் போனாள். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் சற்று நேரம் சீப்பை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பொலிகார்போ... கோவிச்சுக்காதே. கொஞ்சம் முன்னமாதிரி வெட்டேன்."

"முன்ன மாதிரின்னா?"

"அதாவது... மோசமா."

பொலிகார்போ கத்தரிக்கோலை மேஜைமேல் வைத்தான். உதடு துடித்தது. சண்டைக்கு வரப்போகிறான் என்று ஒப்துலியா ஓரடி பின்வாங்கினாள்.

"அப்ப நான் இப்ப நல்லாவா வெட்டறேன்?"

"ரொம்ப!" என்று அழாக்குறையாகச் சொன்னார் அன்செல்மோ.

"மச்சான்!" பொலிகார்போ சுவரைப் படபடவென்று தட்டினான். "மச்சான், ஓடி வா! இவர் சொல்றத உன் காதால கேளு!"