ஒரே குடும்பத்து உப்பு

என் வீட்டுக்காரர் வினோத்குமார் உச்சிப்புளியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் டியூஷன் எடுக்கிறார். கூடத்துச் சுவரில் தனிம அட்டவணை தொங்குகிறது. சாமி படங்கள் அடுப்படிக்குப் போய்விட்டன. யார் வந்தாலும் காபிக்கு முன்னால் அட்டவணைதான் பரிமாறப்படும். முதல் தொகுதியில் மேலிருந்து கீழே இறங்க இறங்க அணு பெரிதாகும், ஆட்டமும் கூடும் என்பார். கேட்பவர் கொட்டாவி விட்டால் பாடம் மண்டையில் ஏறிவிட்டதாக நினைத்துக்கொள்வார்.

உத்தரகோசமங்கை பக்கம் எனக்கு ஒரு கொல்லை உண்டு. அண்ணன்மாரோடு மல்லுக்கட்டி வாங்கிய, எங்கள் அய்யாவின் நிலம். இந்த வருஷம்தான் என் முதல் வெள்ளாமை. முண்டு மிளகாய் நன்றாகக் கிளைத்துப் பூ வைத்த நேரத்தில், தங்கச்சியின் பிரசவத்துக்காக அக்காள்மடம் போக வேண்டியதாயிற்று.

"மண்ணுல ஈரம் இருக்கையிலேயே பொட்டாஷ் உரம் வச்சிருங்க" என்று அவரிடம் ஒரே ஒரு வேலைதான் சொல்லிவிட்டுப் போனேன்.

பிள்ளையைத் தொட்டிலில் போட்டுவிட்டு வந்து பார்த்தால், இலையெல்லாம் ஓரம் கருகிக் கிடந்தது. பூ உதிர்ந்திருந்தது. மண் சிமெண்டுத் தரையாக இறுகியிருந்தது. வரப்போரம் காலி உப்புச் சாக்குகள்.

"கடையில பொட்டாஷ் இல்ல, துர்கா. தென்னைக்கு வாங்கி வச்ச கல்லுப்பப் போட்டேன். சோடியமும் பொட்டாசியமும் ஒரே குடும்பந்தானே? தென்னை ஏத்துக்கிருதுல்ல?"

எங்கள் பக்கம் தென்னந்தூரில் உப்புப் போடுவது வழக்கம்தான். கடற்கரையில் வளர்கிற மரம், தாங்கும். மிளகாய் தாங்காது. ஒரே குடும்பமானாலும் கீழே போகப் போகக் குணம் மாறும் என்று வாரம் தவறாமல் பாடம் நடத்துகிற வாய் அவருடையது. அந்த வாய்க்கும் அவர் கைக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது.

"உங்க தம்பியும் நீங்களும்கூட ஒரே குடும்பந்தான். அவருகிட்டச் சொல்லியிருந்தா ராமநாதபுரம் போயாவது பொட்டாஷ் வாங்கியாந்திருப்பாரு" என்றேன்.

கொல்லையிலேயே உட்கார்ந்து அழுதேன். 'பொம்பளைக்கு எதுக்கு நிலம்' என்று கேட்ட அண்ணன்மார் இனி வாய்விட்டுச் சிரிப்பார்கள்.

அவரும் பக்கத்தில் குந்தினார்.

"கவலைப்படாத. ஜிப்சம் போடுவோம். அதுல இருக்க கால்சியம் சோடியத்தத் தள்ளி விட்ரும். மழை பேஞ்சா கழுவிக்கிட்டுப் போயிரும்."

உருப்படியான பேச்சு. கல்யாணமான நாளிலிருந்து முதல்முறையாக, இவர் படித்தது வீணில்லை என்று தோன்றியது. கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"ஜிப்சம் கெடைக்கலேன்னா?"

"கெடைக்கலேன்னா என்ன? மெக்னீசியம் எதையாச்சும் போடுவோம். கால்சியமும் அதுவும் ஒரே குடும்பந்தானே."

எழுந்தேன். காலி உப்புச் சாக்குகளைச் சுருட்டி அவர் கையில் கொடுத்தேன்.

"வரப்புல ஏறுங்க. இது எங்கய்யா நிலம். அண்ணன்மாருக்கே திருப்பிக் குடுத்தாலும் குடுப்பேன், இனி உங்கள உள்ள கால் வைக்க விடமாட்டேன்."

ஏறி நின்றார். நான் ஜிப்சம் வாங்க ராமநாதபுரம் பஸ்ஸைப் பிடித்தேன். அதற்கு முன்னால் வீட்டுக்குப் போய், அட்டவணையைக் கழற்றிவிட்டு முருகனைப் பழைய ஆணியிலேயே மாட்டினேன்.