பிரதாப்புக்குக் கிடைத்த இடம்

அட்டன் டவுனில் இருக்கும் அந்த இங்கிலீஷ் மீடியம் பள்ளிக்கூடத்தில் தரம் ஒன்றுக்கு ஒரே வகுப்புதான். இருபத்தைந்து பிள்ளைகளுக்கு மேல் எடுக்கமாட்டார்கள். நேர்முகத்தன்று அட்டன், தலவாக்கலை, பூண்டுலோயா என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்து கேட்டிலிருந்து மெயின் ரோடு வரைக்கும் நிற்பார்கள்.

சர்மிளாவும் பிரியந்தியும் தங்கள் மகள்களைக் கூட்டிக்கொண்டு ஒரே பஸ்ஸில்தான் போனார்கள். வட்டகொடைப் பக்கம் ஒரே தேயிலைத் தோட்டம், சின்ன வயதில் ஒரே வகுப்பு. பிரியந்தி தோட்டத்துக் கிளாக்கரைக் கட்டிக்கொண்டு குவாட்டர்ஸுக்குப் போனாள். சர்மிளா தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்திலேயே இருந்தாள். புருஷன் துஷாந்த் கொழும்பில் ஒரு கடையில் வேலை. அவள் தோட்டத்துப் பாலர் பள்ளியில் டீச்சர். இரண்டு பிள்ளைகளையும் நேர்முகத்துக்குத் தயார்பண்ணியது அவள்தான். பின்னேரங்களில் குவாட்டர்ஸுக்குப் போய், கிளாக்கர் மகளுக்கும் தன் மகள் கிருஷாந்திக்கும் சேர்த்தே சொல்லிக்கொடுத்தாள்.

கிருஷாந்தி கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். கிளாக்கர் மகள் பாதியில் அழுதுவிட்டாள்.

"நீ ஒண்ணும் யோசிக்காத சர்மி. அந்த மேடத்த எங்க வீட்டுக்காரருக்குத் தெரியும். நான் ஒரு வார்த்த சொல்லிட்டு வாரேன்" என்று பிரியந்தி மறுபடி உள்ளே போனாள்.

அடுத்த வாரம் கிளாக்கர் மகளுக்கு இடம் கிடைத்தது. கிருஷாந்திக்கு இல்லை. போன் எடுத்துக் கேட்டபோது, "இடம் முடிஞ்சுது" என்று மட்டும் சொன்னார்கள்.

அதை சர்மிளா தாங்கிக்கொண்டாள். எத்தனையோ பேருக்குக் கிடைக்கவில்லை. பிறகு வந்ததைத்தான் தாங்க முடியவில்லை. கிருஷாந்திக்கு வலிப்பு வருகிறது என்று தோட்டத்தில் ஒரு கதை எழும்பியது. எங்கேயிருந்து கிளம்பியது என்று யாருக்கும் தெரியவில்லை. பக்கத்துக் காம்பரா வீட்டுப் பிள்ளைகளை அவளோடு விளையாட விடவில்லை. திருவிழாக் கும்மியில் இருந்து அவளை மட்டும் விலக்கினார்கள்.

"ஆடுறப்ப விழுந்துட்டா என்னா பண்றது டீச்சர்? கோவிச்சுக்காதீங்க" என்றாள் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகும் சண்முகவடிவு.

"எம்புள்ளைக்கு ஒண்ணும் இல்லீங்க அக்கா!"

"எந்தத் தாய்தான் இருக்குன்னு சொல்லுவா?"

கும்மிக்குத் தைத்த பாவாடையைக் கழற்றமாட்டேன் என்று அன்றைக்கு முழுவதும் அதைப் போட்டுக்கொண்டே கிருஷாந்தி திரிந்தாள். "எனக்கு என்னா வருத்தம்மா? என்னா நோய்?" என்று கேட்டாள். சர்மிளா அவளை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

மூன்று வருஷம் போயிற்று. சர்மிளா டிப்ளோமா முடித்து, இங்கிலீஷும் படித்து, அதே பள்ளிக்கூடத்தில் தரம் ஒன்றுக்கு டீச்சராகச் சேர்ந்தாள். கிருஷாந்தி தலவாக்கலையில் நன்றாகப் படித்துக்கொண்டிருந்தாள். மாற மாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

சேர்ந்து கொஞ்ச நாளில், அதிபர் குணபூசணி ஸ்டாப் ரூமில் தேத்தண்ணி குடித்துக்கொண்டே கேட்டார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளாமல் பேசுகிறவர்.

"சர்மிளா, உங்கட மகளுக்கு வலிப்பு எண்டு சொன்னவை. இப்ப சுகமோ?"

சர்மிளா கையில் இருந்த கோப்பையை மேசையில் வைத்தாள். "யாரு மேடம் சொன்னாங்க?"

"உங்கட தோட்டத்துக் கிளாக்கரின்ர மனிசிதான். உங்கட பிள்ளையைத்தான் எடுக்க இருந்தனான். அவ திரும்பி வந்து இதைச் சொன்னவ. வகுப்பில விழுந்தா எங்களுக்கெல்லோ பழி?"

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே மேடம்."

"கேட்டால் ஓம் எண்டு சொல்லுவினமோ?"

அன்றைக்குப் பஸ்ஸில் வரும்போது சர்மிளா கைப்பிடிக் கம்பியை இறுக்கிப் பிடித்ததில் உள்ளங்கை சிவந்துபோனது. குவாட்டர்ஸ் வாசலில் பிரியந்தி சிரித்துக்கொண்டே நின்றாள். "என்னா சர்மி, இவ்ளோ லேட்டு?" என்றாள். சர்மிளாவும் சிரித்தாள்.

அந்த வருஷ நேர்முகத்துக்கு பிரியந்தி தன் இரண்டாவது பிள்ளை பிரதாப்பைக் கூட்டிக்கொண்டு வந்தாள். கடைசியாக ஒரு இடம்தான் மிச்சம். அதற்கு பிரதாப்பும் இன்னொரு பையனும் சமமாக நின்றார்கள்.

"உங்கட தோட்டத்துப் பிள்ளைதானே. நீங்களே சொல்லுங்கோ" என்றார் குணபூசணி.

ஒரு வார்த்தை போதும். அது வாய் வரைக்கும் வந்தது. ஆனால் இடம் கிடைக்காவிட்டால் பிரியந்தி நாலு நாள் அழுவாள், பிறகு வேறு பள்ளிக்கூடம் பார்ப்பாள். நாலு நாள் சர்மிளாவுக்குப் போதாது.

"நல்ல புள்ள மேடம். எடுத்துக்கங்க. நான் பாத்துக்கிறேன்."

வெளியே பிரியந்தி ஓடிவந்து அவள் கையைப் பிடித்தாள். "ஒன்ன மறக்கவே மாட்டேன் சர்மி!"

சர்மிளா அவளைச் சுவர் ஓரமாகக் கூட்டிப்போனாள். குரலை உயர்த்தவில்லை.

"கிருஷாந்திக்கு வலிப்புன்னு நீ மேடத்துக்கிட்ட சொன்னது எனக்குத் தெரியும்."

பிரியந்தியின் கை நழுவியது. முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றுபோனது. "அப்ப... இவனுக்கு ஏன் எடம் வாங்கிக் குடுத்த?" என்றாள்.

"தெனமும் காலையில ஒம்புள்ளைய நீ எங்கையில குடுத்துட்டுப் போகணும். அதுக்குத்தான்."

பிரியந்தியால் இதைப் புருஷனிடம் சொல்ல முடியவில்லை. சொன்னால் தன் பொய்யையும் சொல்லவேண்டும். அவரோ மகனுக்கு இடம் கிடைத்ததை ஆபீஸ் முழுக்கச் சொல்லிவிட்டார்.

ஜனவரியில் பள்ளிக்கூடம் தொடங்கியது. காலையில் பிரியந்தி கேட்டுக்கு வருவாள். "குட் மார்னிங் மிஸ்" என்பாள். சர்மிளா பிரதாப்பின் கையைப் பிடித்துக்கொண்டு அவளை நிமிர்ந்து பார்ப்பாள். அவ்வளவுதான். வகுப்பு முடியும்வரை பிரியந்தி எதிர்த்த கடை வாசலில் நிற்பாள். மழையிலும் நிற்பாள். வீட்டுக்குப் போனதும் பிள்ளையின் சட்டையைக் கழற்றி முதுகைப் பார்ப்பாள், கையைப் பார்ப்பாள். "மிஸ் அடிச்சாங்களா? எல்லாருக்கும் முன்னால ஏசினாங்களா?"

மிஸ் அடிக்கவில்லை. ஏசவும் இல்லை. பிரதாப் விழுந்தால் தூக்கினாள். பென்சில் பிடிக்கத் தெரியாத விரல்களைத் தன் விரலுக்குள் வைத்து எழுத வைத்தாள். அந்தப் பிள்ளைமேல் அவளுக்குக் கோபமே வரவில்லை. அவன் அம்மா கடை வாசலில் நனைந்துகொண்டு நிற்பதை மட்டும் ஜன்னல் வழியாகப் பார்ப்பாள். பார்க்கப் பார்க்க நெஞ்சு குளிர்ந்தது.

பிரதாப்புக்கு வீட்டிலும் மிஸ் பேச்சுதான். காய்ச்சல் வந்த அன்று அம்மா கொடுத்த மருந்தைத் துப்பிவிட்டு, "மிஸ்ஸ வரச் சொல்லு, மிஸ் குடுத்தா குடிப்பேன்" என்று அழுதான். அன்று பின்னேரம், கல்யாணத்துக்குப் பிறகு முதல்முறையாக, பிரியந்தி லயத்துக்கு வந்தாள். ஆள் பாதியாகியிருந்தாள்.

"என்னால முடியல சர்மி. ஒனக்கு என்னா வேணும்? எதுன்னாலும் செய்றேன்."

"நீ சொன்னது பொய்யின்னு சொல்லணும். எங்கிட்ட இல்ல. கொழுந்து நிறுக்கிற மடுவத்துல, பொம்பளைங்க எல்லாரும் இருக்கிறப்ப."

"அவரு காதுக்குப் போயிருமே!"

"எம்புள்ள காதுக்கும் போச்சு."

மறுநாள் மத்தியானம், கொழுந்து நிறுக்க வரிசையில் நின்ற பெண்கள் கிளாக்கர் மனைவி வருவதைப் பார்த்து ஒதுங்கி வழிவிட்டார்கள். அவள் அங்கே வந்ததே இல்லை. மடுவத்து நடுவில் நின்றாள். சர்மிளா லீவு போட்டுவிட்டு, கிருஷாந்தியோடு வாசலில் நின்றாள்.

"டீச்சர் மகளுக்கு... ஒரு வருத்தமும் இல்ல. வலிப்புன்னு நான்தான் சொன்னேன். பொய். எம்மகளுக்கு எடம் கெடைக்கணும்னு சொன்னேன்."

தராசுக்காரர் கையை எடுத்துவிட்டார். சண்முகவடிவு கொழுந்துப் பையைத் தரையில் வைத்தாள்.

"அடிப்பாவி! கும்மியில இருந்து அந்தப் புள்ளைய நாங்கதானே வெரட்டினோம். எங்க வாயால எல்லாம் சொல்ல வச்சியே!"

அதற்குப் பிறகு மற்றவர்களும் பேசினார்கள். பிரியந்தி தலைகுனிந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பிறகு வாசலுக்கு வந்தாள். கண்ணீர் கன்னத்தில் ஓடியது.

"சொல்லிட்டேன். இப்பவாச்சும் மன்னிச்சிட்டியா?"

"இல்ல" என்றாள் சர்மிளா.

கிருஷாந்தி அம்மாவின் கையை இழுத்தாள். "போவோம்மா."

அந்த மாதமே கிளாக்கர் வலப்பனைப் பக்கம் ஒரு தோட்டத்துக்கு மாற்றம் கேட்டு வாங்கிக்கொண்டார். பிள்ளைகள் இரண்டு பேரையும் பள்ளிக்கூடத்தில் இருந்து விலக்கினார். கடைசி நாள் பிரதாப் கேட்டைப் பிடித்துக்கொண்டு, போகமாட்டேன் என்று கத்தினான். சர்மிளாதான் அவன் விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்து, தூக்கி, அவன் அம்மாவின் கையில் கொடுத்தாள். அப்போது அவளுக்கும் கண் கலங்கியது. பிரியந்தி அவளைப் பார்க்காமல் பஸ் ஸ்டாண்ட் பக்கம் நடந்தாள்.

வகுப்புக்குத் திரும்பி வந்தபோது குணபூசணி போனில் யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஓம், ஒரு இடம் வந்திருக்கு. இண்டைக்கே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. நாளைக்கு எண்டால் இருக்காது."