அரைச்சாண் குறை

"குழாயத் தாண்டினியா இல்லியா? அத மட்டும் சொல்லு!"

காலிச்சா மருமகளுக்கு முன்னால் கிண்ணத்தை அறைந்து வைத்தாள். தேநீர் விரிப்பில் சிந்தியது. சைரா குனிந்த தலையோடு அதைத் துடைத்தாள். எதிரே மாமனார் ஷர்ஷென் உட்கார்ந்திருந்தார். அவர் காதுபட மருமகள் குரல் எழக்கூடாது. நான்கு வருடங்களாக ஒரே கூரையின் கீழ் இருந்தும் அவள் குரல் எப்படியிருக்கும் என்று அவருக்குத் தெரியாது.

"பதில் வருதா பாரு. கல்லு கூட அசையும்" என்றாள் காலிச்சா.

கூடாரத்தின் உச்சியில் ஏற்றும் வளையத்துக்குத் துந்துக் என்று பெயர். அதை ஏற்றும்வரை பெண் தொடக்கூடாது, தாண்டக்கூடாது, மீறினால் வளையம் மூடாது என்பது பரம்பரையாகத் துந்துக் செய்யும் ஷர்ஷெனின் வீட்டு விதி. ஏரிக்கரையில் சுற்றுலா முகாம் நடத்தும் மேதெத் இந்த முறை மரம் வேண்டாம், இரும்புக் குழாயில் வேண்டும் என்று சொல்லிவிட்டான். மகன் குபாத் இரண்டு குழாய்களை வளைத்தான். இரண்டும் மூடவில்லை. முனைக்கும் முனைக்கும் நடுவே அரைச்சாண் இடைவெளி.

"இன்னும் ஒரு குழாய் இருக்கு." ஷர்ஷென் மனைவியைப் பார்த்தே பேசினார். "இதுவும் மூடலேன்னா அவள அவ அம்மா வீட்ல விட்டுட்டு வந்துருவோம். புள்ள இங்க இருக்கட்டும். நம்ம ரத்தம்."

மூன்று வயது அய்தா, அம்மாவின் மடியில் சாய்ந்து ரொட்டியைக் கடித்துக்கொண்டிருந்தாள். சைராவின் கை விரிப்பின் மேல் அப்படியே நின்றது.

மதியம் பட்டறை வாசலில் குபாத்தைப் பிடித்தாள்.

"எவ்ளோ நீளம் வெட்டுனீங்க?"

"ஐந்நூத்தி ரெண்டரை. உள்ளகலம் நூத்தறுவது சென்டிமீட்டர், அதுக்குச் சரியா."

"அங்கதாங்க தப்பு. வளைக்கறப்ப உள்பக்கம் சுருங்கும், வெளிப்பக்கம் இழுபடும். நடுவுல ஓடுற கோடு மட்டும்தான் மாறாது. குழாய் நாலு சென்டிமீட்டர் தடிமன். நூத்தறுவத்து நாலுக்குக் கணக்குப் போடணும். ஐந்நூத்திப் பதினஞ்சு வரும்."

"எங்கப்பா நாப்பது வருஷமா உள்ளளவுதான் எடுக்கறாரு. நீ தொழிற்பள்ளியில ரெண்டு வருஷம் பெஞ்சு தேச்சுட்டு வந்து அவருக்குப் பாடம் நடத்தப் போறியா?"

"மரத்த ஊறவச்சு இழுத்துச் சேத்துடலாம். இரும்பு அப்படி வராதுங்க."

"போ. மாட்டுக்குத் தண்ணி காட்டு."

மறுநாள் பக்கத்து ஊரில் இறந்தவர் நினைவு விருந்து. மாமனார், மாமியார், குபாத் மூவரும் காலையிலேயே கிளம்பிப் போனார்கள். வண்டிச் சத்தம் ஓய்ந்ததும் சைரா பட்டறைக்குள் போனாள். பயமாகத்தான் இருந்தது. சாபத்துக்கு அல்ல, கை மறந்திருக்குமோ என்று.

தரையில் சுண்ணாம்புக் கட்டியால் வட்டம் போட்டாள். ஐந்நூற்றுப் பதினைந்தில் கோடிழுத்து, ரம்பத்தின் தடிமனுக்கு இடம் விட்டு அறுத்தாள். வளைக்கும் பொறியின் உருளைகளுக்கு நடுவே குழாயைக் கொடுத்துக் கைப்பிடியைச் சுற்றினாள். வளைத்து விட்டால் இரும்பு கொஞ்சம் நிமிர்ந்துகொள்ளும். அந்தக் கொஞ்சத்தை முன்கூட்டியே கூட்டி வளைக்க வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் வட்டத்தின் மேல் வைத்துப் பார்த்தாள், உருளையின் திருகாணியை அரைச் சுற்று இறுக்கினாள். தன்னையும் இந்த வீடு இப்படித்தான், நிமிர்வதற்கும் சேர்த்து வளைத்து வைத்திருக்கிறது என்று தோன்றியபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது.

கடைசியில் முனைகள் ஒன்றையொன்று தொட்டன. நகத்தை நுழைத்துப் பார்த்தாள். நுழையவில்லை.

சாயங்காலம் ஷர்ஷென் வளையத்தின் மேல் உள்ளங்கையை ஒரு சுற்று ஓட்டினார். "எப்படா முடிச்ச?"

குபாத் சைராவைப் பார்த்தான். அவள் காத்திருந்தாள்.

"கெளம்பறதுக்கு முன்னாடி" என்றான்.

"பாத்தியா! பொம்பள நெழல் படல, மூடிக்கிச்சு." காலிச்சா தீட்டுக் கழிய அர்ச்சா மரக்கிளையைக் கொளுத்திப் பட்டறை முழுக்கப் புகை காட்டினாள். வாசலுக்குப் புதுப் பூட்டும் வந்தது.

இரண்டு நாள் கழித்து வந்த மேதெத் வளையத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு, உள்ளகலம் நூற்றெண்பதில் இன்னும் ஆறு கேட்டு, அதற்கான குழாய்களையும் வண்டியிலிருந்து இறக்கினான். முற்றத்து ஆப்ரிகாட் மரத்தடியில் அவனுக்கு விரிப்புப் போட்டுத் தேநீர் வைத்தார்கள். குபாத் சமையல்கட்டுக்குள் நுழைந்து குரலைத் தாழ்த்தினான்.

"நூத்தியெண்பதுக்கு எவ்ளோ?"

"மாமா முன்னாடி கேளுங்க, சொல்றேன்."

"வெளையாடறியா? அவர் முன்னாடி உங்கிட்ட கேட்டா நான் தலை நிமிந்து நடக்க வேணாமா?"

"கேளுங்க. அவ்ளோதான்."

அவன் கதவை உதைத்துக்கொண்டு போனான். சிறிது நேரத்தில் பட்டறையில் ரம்பம் உராயத் தொடங்கியது. அதே உள்ளளவு. அவள் மனசுக்குள் கணக்கு தானாக ஓடியது. அதே அரைச்சாண் குறையும். அதே பழி வரும். ஆறு குழாய் வீணாகட்டும், அவனால் தாங்க முடியும். மனைவியிடம் கேட்பதைத்தான் தாங்க முடியாது. அதற்குரிய விலையாக அவளை அம்மா வீட்டில் விட்டுவிட்டு அய்தாவை இங்கேயே நிறுத்திக்கொள்வார்கள்.

சைரா குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு வந்தாள். வழக்கம்போல் குனிந்து வணங்கவில்லை. மாமனாருக்கு நேர் எதிரே நின்றாள்.

"மாமா."

காலிச்சாவின் கையிலிருந்த கரண்டி தட்டில் விழுந்தது. சைராவுக்கே தன் குரல் கரகரப்பாக, யாருடையதோ போலக் கேட்டது.

"ஐந்நூத்தி எழுவத்தெட்டு. அவர வெட்ட வேணாம்னு சொல்லுங்க. இவரு வாங்கிக்கிட்ட வளையத்த வளைச்சது நாந்தான்."

ஷர்ஷென் கிண்ணத்தை உதட்டருகே பிடித்தபடி, நான்கு வருடங்களில் முதல் முறையாக அவள் முகத்தைப் பார்த்தார்.

பட்டறைக்குள் ரம்பம் நின்றது.